குளிர் அறையில் தினமும் மூன்று மணி நேர வெப்பம்: ஆறு வாரக் குளிருக்குப் பின்னும் பூக்க மறுத்த அராபிடாப்சிஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோடையில் வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நகரம் ஒன்றின் தாவர மூலக்கூற்று ஆய்வகத்தில் நடந்தது இது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ் பூக்கும் காலத்தைக் குளிர் எப்படி முடிவு செய்கிறது என்பது ஆய்வு மாணவி எடுத்துக்கொண்ட தலைப்பு. மரபணு மாறிய புதிய செடி வரிசை (ஒரே மரபு கொண்ட கால்வழி) ஒன்றை ஒப்பிடுவதற்கு முன், 0, 2, 4, 6 வாரக் குளிருக்கு இயல்பான செடி எப்படி நடந்துகொள்கிறது என்று ஓர் அடிப்படை வரைகோடு தேவைப்பட்டது. நெறியாளர், ஆய்வக உதவியாளர், மாணவி ஆகிய மூவரும் இதில் பங்கெடுத்தனர்.

நம் சமவெளிப் பயிர்களுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. பழைய சம்பா நெல் வகைகள் பகல் குறுகுவதைக் கொண்டே கதிர்விடும் காலத்தை அறிகின்றன. அவை குளிரை எதிர்பார்ப்பதில்லை. ஐரோப்பியக் குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் பூக்கும் செடி அப்படியல்ல. வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அது பூக்க ஆயத்தமாகும். பாடநூல்களில் தட்பப்பதனம் என்று வருவது இதுதான். வெப்ப நாட்டு ஆய்வகம் இதைப் படிக்க வேண்டுமானால் குளிர்காலத்தை இயந்திரத்தால் உண்டாக்க வேண்டும். இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அந்த இயந்திரத்தில்தான் இருந்தது.

பயன்படுத்திய செடிகள் மூன்று வகை. முதலாவது கொலம்பியா என்ற பொது ஆய்வக வரிசை. இதில் பூப்பைப் பிந்தச் செய்யும் ஃப்ரிஜிடா மரபணு பழுதுபட்டிருப்பதால் குளிர் இல்லாமலே விரைவில் பூக்கும். இரண்டாவது, ஸ்பெயினின் சான் ஃபெலியூ-2 வரிசையிலிருந்து வேலை செய்யும் ஃப்ரிஜிடாவைக் கலப்பின் வழியே பெற்ற கொலம்பியா. குளிர் காட்டாவிட்டால் இது 60க்கு மேல் இலை விட்ட பிறகே தண்டு விடும். மூன்றாவது, இந்த இரண்டாம் வகையிலேயே, குளிரை நினைவில் பதிக்கத் தேவையான வின்3 மரபணு பழுதான வரிசை. எவ்வளவு குளிர் காட்டினாலும் இது தாமதமாகவே பூக்க வேண்டும்.

செடி குளிரை நினைவில் வைக்கும் விதம்

பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகள் புரிய இந்தப் பகுதி தேவை.

பூப்பதைத் தடுப்பது எஃப்எல்சி என்ற மரபணு. 1999இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதை அடையாளம் கண்டன. இதன் புரதம் பூப்பைத் தூண்டும் எஃப்டி, எஸ்ஓசி1 மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஃப்ரிஜிடா எஃப்எல்சியை உரக்கப் பேச வைக்கிறது. குளிர் அதன் வாயை மூடுகிறது. மூடிய வாய் குளிர் போன பிறகும் மூடியே இருப்பதுதான் வியப்பு. டிஎன்ஏயின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மட்டும் ஒரு குறி ஏறுகிறது. எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் சேர்வதே அந்தக் குறி. இங்கே அதைச் சுருக்கமாக 27-குறி என்போம்.

குறி இரண்டு கட்டமாக ஏறுகிறது. குளிர் நீடிக்கும்போது வின்3 புரதம் மெல்லச் சேர்கிறது. அது இத்தகைய குறியை இடும் பாலிகோம்ப் கூட்டுப்புரதத்தோடு இணைந்து, எஃப்எல்சியின் தொடக்கப் பகுதியில், மூன்று நியூக்ளியோசோம் (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டை) அளவிலான சிறு இடத்தில் மட்டும் 27-குறியை ஊன்றுகிறது. செடி மீண்டும் வெப்பத்துக்கு வந்து செல்கள் பிரிந்து பெருகத் தொடங்கும்போது அந்தக் குறி மரபணு முழுவதும் பரவி நிலைபெறுகிறது. முதல் கட்டம் நாற்று நடுவது போல. நாற்றே நடாவிட்டால் பரவ ஒன்றும் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு செல்லுக்குள் எஃப்எல்சி பாதி மூடிய நிலையில் இருப்பதில்லை. அது திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். குளிர் வாரங்கள் கூடக்கூட மூடிய செல்களின் விகிதம் கூடுகிறது. இங்கிலாந்தின் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்ஸ் மையத்தின் குழு 2011இல் இதைக் காட்டியது. அரைகுறைக் குளிர் பட்ட செடியில் அளவீடு நடுத்தரமாகத் தெரிந்தால், அது இரு வகைச் செல்களின் கலவை என்றே பொருள்.

முதல் சுற்று

முதல் சுற்று சிறிய வளர்ப்புப் பெட்டியில் நடந்தது. ஈரமாக்கிய விதைகளை 3 நாள் இருட்டில் 4 டிகிரியில் வைத்து முளைப்பை ஒருமுகப்படுத்தி, பிறகு 20 டிகிரியிலும் 16 மணி நேர ஒளியிலும் 7 நாள் வளர்த்தார்கள். அந்த மூன்று நாள் குளிர், தட்பப்பதனக் கணக்கில் சேராத அளவுக்குக் குறுகியது. அடுத்து 5 டிகிரியும் 8 மணி நேர ஒளியும் கொண்ட குளிர்ப் பெட்டி. கடைசியில் மீண்டும் வெப்ப அறை.

குளிர் காட்டாத ஒப்பீட்டுச் செடிகளை அதே நாளில் விதைக்கவில்லை. குளிரில் ஆறு வாரம் இருந்த செடி, வெப்பத்தில் ஒரு வாரம் போல மட்டுமே வளர்ந்திருக்கும். வயதை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும் என்பதால், வளர்ச்சி நிலை பொருந்தும்படி ஒப்பீட்டுச் செடிகளைப் பிந்தி விதைத்தார்கள். பலரும் தவறவிடும் இடம் இது, இவர்கள் தவறவிடவில்லை.

ஆறு வாரக் குளிர் பெற்ற செடிகள் 15க்கு அருகில் இலை விட்டதும் தண்டு விட்டன. எல்லாம் எதிர்பார்த்தபடி. ஆனால் பெட்டியில் இரண்டு தட்டுக்குத்தான் இடம். முழு வரைகோட்டுக்கு எட்டுத் தட்டு வேண்டும்.

இரண்டாம் சுற்றில் கண்டது

அதனால் இரண்டாம் சுற்று, துறையின் பொதுக் குளிர் அறைக்கு மாறியது. ஆள் உள்ளே நுழையக்கூடிய அந்த அறையில் கரைசல்களையும் வளர் ஊடகங்களையும் எல்லா ஆய்வகங்களும் வைத்திருந்தன. ஒரு மூலையில் நான்கு அடுக்கு இரும்புத் தாங்கி. ஒவ்வொரு அடுக்கிலும் குழல்விளக்குகள், அவற்றின் சோக்குகள் தாங்கியிலேயே. கதவுக்கு மேல் காட்சிப்பலகை 5.0 என்று காட்டியது.

செடிகளை வெப்பத்துக்கு மாற்றிய நான்காவது வாரத்தில் சிக்கல் தெரிந்தது. ஆறு வாரக் குளிர் பெற்ற தட்டுகளில் கீழ் அடுக்குச் செடிகள் சற்றுத் தாமதமாகத் தண்டு விட்டன. மேல் அடுக்கில் பெரும்பாலானவை 35 முதல் 50 இலை வரை போயும் மொட்டு வைக்கவில்லை. ஒரே தட்டில் அடுத்தடுத்த தொட்டிகளுக்கிடையேகூட வேறுபாடு அதிகம். இரண்டு வாரத் தட்டுகளோ குளிரே காணாத செடிகளைப் போல நடந்துகொண்டன.

தட்டுகளை வாரந்தோறும் அடுக்கு மாற்றி வைக்க வேண்டும் என்பது நல்ல வழக்கம். மாணவி அதைச் செய்யவில்லை. விசித்திரமாக, காரணம் கண்டுபிடிக்க உதவியது அந்தக் குறைதான். மாற்றி வைத்திருந்தால் எல்லாத் தட்டும் நடுத்தரமாகத் தாமதித்திருக்கும். மேல், கீழ் வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

முதலில் எழுந்த ஐயங்கள்

விதை கலந்துவிட்டதா என்பது முதல் கேள்வி. மேல் அடுக்கில் பிந்திய எட்டுச் செடிகளின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஃப்ரிஜிடாவையும் வின்3ஐயும் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் முறை) வழியே பார்த்தார்கள். எட்டும் சரியான வரிசைதான். வின்3 பழுதான விதை எதுவும் கலக்கவில்லை.

வெப்ப அறையின் ஒளி நேரம் கெட்டிருக்குமோ என்பது இரண்டாவது. கொலம்பியா ஒப்பீட்டுச் செடிகள் அதே அறையில் வழக்கமான நாளில் பூத்திருந்தன. ஆகவே அந்த அறையின் மேல் பழி இல்லை. தொட்டி மண், உரம் ஆகியவற்றையும் இதே தர்க்கம் விடுவித்தது. பூக்கும் காலச் சோதனையில் குளிர் தேவைப்படாத ஒரு வரிசையைக் கூடவே வளர்ப்பது இதற்காகத்தான். சில தொட்டிகள் கூடுதலாகும், அவ்வளவே.

குளிர்க் காலத்தைப் பத்து வாரமாக நீட்டி மீண்டும் முயலலாம் என்பது நெறியாளரின் முதல் எண்ணம். அது நடந்திருந்தால் இன்னொரு நான்கு மாதம் போயிருக்கும். குளிர் போதாமைதான் காரணம் என்றால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஏன் வேறுபட வேண்டும் என்று உதவியாளர் கேட்டார். உறைய வைத்திருந்த மாதிரிகளை முதலில் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

உறைய வைத்த மாதிரிகள் காட்டியது

ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தொட்டியில் நெருக்கமாக விதைத்து, மாதிரிக்கென்றே நாற்றுகள் வளர்க்கப்பட்டிருந்தன. குளிர் முடியும் நாளில் ஒரு முறை, வெப்பத்தில் 10 நாள் கழித்து ஒரு முறை என, மாதிரிக்கு 15 நாற்றாக மும்மூன்று மாதிரிகள் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தார்கள். குளிர் முடிவு மாதிரிகளைக் குளிர் அறைக்குள்ளேயே திரவ நைட்ரஜனில் போட்டிருந்தது முக்கியம். தட்டை வெளியே எடுத்துவந்து மேசையில் வைத்துச் சேகரித்தால் அதற்குள் வின்3 சரியத் தொடங்கிவிடும். அளவீட்டால் பயன் இராது.

ஆர்என்ஏ பிரித்து, மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் நிகழ்நேரப் பிசிஆர் செய்தபோது கிடைத்த படம் இது. கீழ் அடுக்கில் எஃப்எல்சி, குளிர் முடிவில் ஒப்பீட்டுச் செடியின் கால் பங்காக இறங்கி, 10 நாள் வெப்பத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. மேல் அடுக்கில் பாதியாக இறங்கியது. ஆனால் 10 நாளில் ஒப்பீட்டுச் செடியின் அளவை நெருங்கி ஏறிவிட்டது. வின்3 மேல் அடுக்கில் மிகக் குறைவு. பழுதான வரிசையைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

குளிரில் இறங்குவதும் வெப்பத்தில் நிலைக்காமல் மீள்வதும் சேர்ந்த இந்தப் படம் ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது. எஃப்எல்சி குளிரில் இறங்குவதற்கு வின்3 சாராத வழியும் உண்டு. ஆனால் அந்த இறக்கம் நினைவாவதில்லை. குளிர் போனதும் திரும்பிவிடும். மேல் அடுக்குச் செடிகள் மரபணு முழுமையாக இருந்தும், வின்3 இல்லாத செடிகளைப் போல நடந்துகொண்டிருந்தன. அவை குளிரை உணர்ந்தன, நினைவில் பதிக்கவில்லை.

இங்கே ஒரு பிழையையும் குறிக்க வேண்டும். வின்3 அளவு ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். விடியலில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். முதல் சுற்று மாதிரிகள் காலை 10 மணிக்கும், இரண்டாம் சுற்று மாதிரிகள் நண்பகல் 1 மணிக்கும் எடுக்கப்பட்டிருந்தன. அதனால் இரு சுற்றுகளின் வின்3 எண்களை நேரடியாக ஒப்பிட முடியவில்லை. மேல், கீழ் அடுக்கு ஒப்பீட்டை மட்டுமே நம்பினார்கள்.

ஹிஸ்டோன் குறியை நேரடியாக அளக்கும் சிப் சோதனையை உடனே செய்யலாமா என்ற பேச்சும் வந்தது. அதற்குக் கிராம் கணக்கில் திசு வேண்டும், ஒரு வாரமாவது வேலை வேண்டும், நல்ல எதிர்ப்புரதம் வேண்டும். கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வின்3 அளவே காட்டிவிட்டதால் தள்ளிவைத்தார்கள். சரியான முடிவு. விலை உயர்ந்த சோதனையைக் காரணம் தேடுவதற்கு வீணாக்காமல், கண்ட காரணத்தை உறுதிசெய்ய வைத்துக்கொள்வதே நல்லது.

வெப்பப் பதிவுக் கருவிகள்

மின்கலத்தில் ஓடும் சிறு பதிவுக் கருவிகள் நான்கை, அடுக்குக்கு ஒன்றாக இலை மட்டத்தில் வைத்தார்கள். ஒளி நேரே பட்டால் கருவி தானே சூடாகித் தவறாகக் காட்டும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைத் தாள் மறைப்பு கட்டினார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு, 7 நாள்.

அந்தப் பகுதியில் தினமும் பிற்பகல் 2 முதல் 4 வரை மின்வெட்டு. குளிர் அறையைக் குளிர்விக்கும் அமுக்கி (கம்ப்ரசர்) பொது மின்வழியில் இருந்தது. விளக்குகளோ ஆய்வகத்தின் யுபிஎஸ் வழியில். மின்வெட்டின்போது குளிரூட்டல் நின்றது, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குழல்விளக்குகளும் சோக்குகளும் கூரையடியில் வெப்பத்தைத் தேக்கின. பிற்பகலில் ஊடகப் புட்டிகளை எடுக்கக் கதவும் அடிக்கடி திறந்தது. மேல் அடுக்கில் தினமும் வெப்பம் 18 டிகிரி தொட்டு, மின்சாரம் வந்த பிறகு மெல்ல இறங்கியது. மொத்தம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மற்ற 21 மணி நேரமும் 5 டிகிரிதான். நாள் சராசரி 6.4. கீழ் அடுக்கில் உச்சம் 12.

கதவின் காட்சிப்பலகைக்கான உணரி, குளிர்காற்று வரும் ஆவியாக்கியின் வாய்க்கு அருகில் இருந்தது. மின்வெட்டில் பலகையும் அணைந்துவிடும். ஆகவே அந்த அறை சூடாக இருந்ததைப் பலகையில் யாரும் ஒருபோதும் பார்த்திருக்க முடியாது.

6.4 டிகிரி சராசரி தட்பப்பதனத்துக்கு நல்ல வெப்பநிலை. சராசரியை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் செடி சராசரி எடுப்பதில்லை. நார்விச்சிலும் சுவீடனிலும் வயல்வெளியில் செடி வளர்த்து 2018இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு நாளின் உச்சம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் வின்3 எழுவது தடைப்படுகிறது. எஃப்எல்சியின் முதல் இறக்கம் மட்டும் நடக்கிறது. செடி எதிர்பார்ப்பது குளிர் இருப்பதை மட்டுமல்ல, வெப்பம் இல்லாதிருப்பதையும். இலையுதிர் காலத்தில் இரவு குளிர்ந்து பகலில் வெயில் அடித்தால் அது குளிர்காலம் இல்லை என்று செடிக்குத் தெரிய வேண்டுமே. இல்லாவிட்டால் பனிக்கு முன்பே பூத்துக் கெட்டுப்போகும்.

வின்3 இவ்வளவு மெல்ல ஏறுவதற்கும் 2020இல் ஒரு விளக்கம் கிடைத்தது. அதைத் தூண்டும் என்டிஎல்8 புரதம் நெடுநாள் நிலைக்கக் கூடியது. வெப்பத்தில் செல்கள் வேகமாக வளர்ந்து பிரிவதால் அது நீர்த்துப்போகிறது. குளிரில் வளர்ச்சி மந்தமாவதால் சேர்கிறது. வாரக்கணக்கை இப்படி எண்ணுகிறது செடி.

உறுதிசெய்த சோதனை

பொருந்துகிற விளக்கம் கிடைத்தது என்பதற்காக அங்கே நிற்கவில்லை. விளக்கின் வெப்பம், ஈரப்பதம், கதவு வழி வெளிச்சம் என மேல் அடுக்கில் வேறு காரணிகளும் இருந்தன. இரண்டு சிறு பெட்டிகளைக் கடன் வாங்கினார்கள். ஒன்றில் நாள் முழுதும் 6.4 டிகிரி. மற்றதில் 21 மணி நேரம் 5 டிகிரி, பிற்பகல் 3 மணி நேரம் 16 டிகிரி. கணக்கிட்டால் சராசரி அதே 6.4. ஒளி இரண்டிலும் 8 மணி நேரம், ஒரே செறிவு. ஆறு வாரம். மூன்று வரிசைகளும் இரண்டிலும் இருந்தன.

நிலையான குளிர் பெற்றவை முதல் சுற்றின் செடிகளைப் போலவே பூத்தன. பிற்பகல் வெப்பம் பட்டவை மேல் அடுக்குச் செடிகளைப் போலத் தாமதித்தன. வின்3 பழுதான வரிசை இரண்டிலும் ஒரே அளவு தாமதம். அதற்கு இரு பெட்டிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிற்பகல் வெப்பம் வின்3 வழியாகவே வேலை செய்கிறது என்பதற்கு இது போதுமான சான்று. தள்ளிவைத்த சிப் சோதனையை இந்தச் செடிகளில் செய்தார்கள். நிலையான குளிர் பெற்றவற்றில் எஃப்எல்சியின் தொடக்கப் பகுதியில் 27-குறி தெளிவாக உயர்ந்திருந்தது; பிற்பகல் வெப்பம் பட்டவற்றில் உயர்வு சொற்பம்.

சீரமைப்பும் மூன்றாம் சுற்றும்

குழல்விளக்குகளை அகற்றி எல்இடி பட்டைகள் மாட்டி, அவற்றின் மின் இயக்கிகளை அறைக்கு வெளியே வைத்தார்கள். விளக்குகளை யுபிஎஸ்ஸிலிருந்து பிரித்து அமுக்கியின் வழியிலேயே சேர்த்தார்கள். இனி மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். சில மணி நேர இருட்டு, வெப்பத்தைப் போல இந்தச் சோதனையைக் கெடுக்காது என்று கணித்தார்கள். கதவில் ஒளிபுகும் பட்டைத் திரை தொங்கவிட்டு, மேல் அடுக்கைக் காலியாகவே விட்டார்கள். எந்தக் கருவியாவது 10 டிகிரி காட்டினால் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

மின்னாக்கி வைத்துக் குளிரூட்டலைத் தொடர்ந்து ஓட்டலாம் என்ற யோசனை செலவால் கைவிடப்பட்டது. விளக்கு அணைந்து கதவு மூடியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் அறை 9 டிகிரிக்கு மேல் போகவில்லை என்று அளந்து பார்த்த பிறகே கைவிட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் மீதமிருந்த தட்டுகளைச் சீரமைத்த அறைக்குத் திருப்பி, குளிரைத் தொடரலாமா என்று மாணவி கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. சில செல்கள் ஏற்கனவே மூடியும் பல திறந்தும் இருக்கும் செடியில் கிடைக்கும் எண்ணை எந்த வாரத்துக் கணக்கில் எழுதுவது? விதையிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். மூன்றாம் சுற்றில் 2, 4, 6 வார வரைகோடு ஒழுங்காக இறங்கியது. அடுக்குகளுக்கிடையே வேறுபாடு இல்லை. மொத்த இழப்பு ஏறக்குறைய ஆறு மாதம்.

மாற்ற வேண்டியவை

செடி வைப்பதற்கு முன் வெறும் தாங்கியில் ஒரு வாரம் வெப்பப் பதிவு எடுத்திருந்தால் எல்லாமே தவிர்ந்திருக்கும். பதிவில் பார்க்க வேண்டியது தினசரி உச்சம், சராசரி அடுத்ததுதான். குளிர்ப் பெட்டிகளில் பனி உருக்கும் சுற்றும் இதே கேட்டைச் செய்யக்கூடும். நாளுக்குச் சில முறை சூடேற்றிப் பனியை உருக்கும் பெட்டியில், அந்த நிமிடங்களில் இலை மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்காமல் அதை நம்பக் கூடாது.

பூக்கும் நாளை மட்டும் எண்ணுவது போதாது. அதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். குளிர் முடிவில் வின்3, 10 நாள் வெப்பத்துக்குப் பின் எஃப்எல்சி என இரண்டு அளவீடு, ஒரே மணி நேரத்தில் எடுத்த மாதிரிகளில் பார்த்தால், தட்டு தேறுமா தேறாதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அந்த 10 நாள்களில் வெப்ப அறையையும் கவனிக்க வேண்டும். குளிர் போதாத செடியை உடனே 30 டிகிரியில் சில நாள் விட்டால் பெற்ற குளிரின் பயனும் ஓரளவு அழியலாம்.

இந்த 15 டிகிரிக் கணக்கை அப்படியே கோதுமைக்குக் கொண்டுபோவது தவறு. அராபிடாப்சிஸில் குளிர் ஒரு தடையை மூடுகிறது. கோதுமையில் விஆர்என்1 என்ற தூண்டும் மரபணுவைத் திறக்கிறது. குளிர் நினைவு இரண்டிலும் உண்டு, இயங்கும் விதம் வேறு.

விதைகளைப் பற்றி

மேல் அடுக்குச் செடிகள் கடைசியில் பூத்துக் காய்த்தன. அந்த விதைகளில் அரைகுறைக் குளிரின் நினைவு ஒட்டியிருக்குமோ, எறிந்துவிட வேண்டுமோ என்று மாணவி தயங்கினார். எஃப்எல்சியின் குறி தலைமுறை தாண்டுவதில்லை. கரு வளரும்போது அது துடைக்கப்பட்டு மரபணு மீண்டும் திறக்கிறது. இதில் 27-குறியை நீக்கும் இஎல்எஃப்6 புரதத்தின் பங்கு 2014இலும், கருவில் எஃப்எல்சியைத் திறக்கும் எல்இசி1 புரதத்தின் பங்கு 2017இலும் காட்டப்பட்டன. இருந்தாலும் 20 விதையைக் குளிர் காட்டாமல் வளர்த்துப் பார்த்தார்கள். இருபதும் 60 இலையைத் தாண்டியே தண்டு விட்டன. விதைகள் வழக்கமான சேமிப்புப் பெட்டிக்குப் போயின.